பூகம்பமும் பாதிரியாரும்
(ஒரு சொற்பொழிவு)



பஞ்சமோ வெள்ளமோ பூகம்பமோ வந்துவிட்டால், "இது கடவுள் கோபம், பாவத்திற்குத் தண்டனை" என்று சொல்ல ஒரு கூட்டம் முன்னே வந்து நிற்பது எல்லா நாட்டிலும் வழக்கம். அக்கூட்டத்திற்கு அரசாங்கத்திலும் செல்வாக்கு இருந்தால் என்ன ஆகும் என்பதற்குப் போர்ச்சுகல் சரித்திரத்தில் ஒரு பாடம் இருக்கின்றது.

1755-ம் வருஷம் நவம்பர் 1-ந் தேதி, சகல பரிசுத்தவான்களின் திருநாள். லிஸ்பன் நகரக் கோவில்களில் ஜனங்கள் நிறைந்திருந்த காலை வேளையில் பூமி அதிர்ந்தது. கடல் பொங்கி ஊருக்குள் புகுந்தது. பிறகு நாட்கணக்கில் நெருப்பு எரிந்தது. பல்லாயிரம் பேர் மாண்டார்கள். பூசைக்குப் போனவர்கள் தலைமேலேயே கோவில்கள் விழுந்தன. பாவிகளை விசாரித்துத் தண்டித்த மத விசாரணை மாளிகையும் இடிந்தது. நோயாளிகள் கிடந்த பெரிய ஆஸ்பத்திரியும் எரிந்தது. இது தண்டனையென்றால் யாருக்குத் தண்டனை?

பின்னாளில் பொம்பால் பிரபு என்று பெயர் பெற்ற மந்திரி கார்வாலோ, கொள்ளைநோய் பரவாமலிருக்கப் பிணங்களைப் படகிலேற்றிக் கடலில் விடச் செய்தார். தானியம் சேர்த்தார், விலையைக் கட்டுப்படுத்தினார். "எவ்வளவு நேரம் ஆடிற்று? எத்தனை பேர் செத்தார்கள்? கடல் முதலில் உள்வாங்கிற்றா, ஏறிற்றா?" என்று ஊர்தோறும் கேள்வி அனுப்பினார்.

அரண்மனைச் செல்வாக்குள்ள மலக்ரீதா என்னும் பாதிரியாரோ, 1756-ல் ஒரு பிரசுரம் போட்டு, காரணம் இயற்கையல்ல, பாவமே என்றார். வீடு கட்டும் வேலையைவிடப் பிராயச்சித்தமே அவசியம் என்றார். வீடிழந்து வெட்டவெளியில் கிடப்பவனுக்கு இதுவா உபதேசம்?

ஆனால் மந்திரி செய்ததெல்லாம் சரியென்று நான் சொல்ல வரவில்லை. பாதிரியாரை ஊரைவிட்டு அகற்றினார். பிறகு ராஜாவைக் கொல்ல நடந்த முயற்சியை ஒட்டிச் சிறையிலிட்டார். 1761-ல் தம் சகோதரர் தலைமை வகித்த மத விசாரணையே அக்கிழவரைக் கழுத்தை நெரித்துக் கொன்று எரித்தது. பிரசுரத்திற்குப் பதில் பிரசுரமேயன்றிக் கயிறல்ல. மதம் அரசியலை ஏவினாலும், அரசியல் மதத்தை ஏவினாலும் சாவது மனிதன்தான்.

மதத் தலைவர் கஞ்சி ஊற்றினால் நாம் தடுக்க வேண்டியதில்லை. அது மனிதர் செய்யும் வேலை. ஆனால் நிவாரணப் பணத்திற்கும் திட்டத்திற்கும் அவரை அதிகாரியாக்கினால், பசித்தவன் யோக்கியதையைப் பார்த்த பிறகே கஞ்சி வரும். ஆதலால் தோழர்களே, கேடு வந்த இடத்தில் "யார் பாவம்?" என்று கேட்பவனிடம், "தானியம் எவ்வளவு வந்தது? யாருக்குப் போயிற்று? இடிந்த வீட்டை இனி இடியாதபடி கட்டுவது எப்படி?" என்று கேளுங்கள்.