அரிவாளின் வாயும் அளவுகோலும்

(ஆலங்குளத்தில் நம் கல்விக் கழகத்தின் வெள்ளிவிழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)

 

தலைமையாசிரியர் ஒருவரை விழாவில் பேச அழைத்தால், தேர்வு, மதிப்பெண், அரசுப் பணி ஆகியவற்றைப் பற்றியே அவர் பேசுவார் என்பது வழக்கமான எதிர்பார்ப்பு. நாமோ கத்தி செய்யும் தொழிலில் ஒரு சிறு பகுதியைப் பற்றிப் பேச வந்துள்ளோம். தட்டையான இரும்புப் பட்டையின் இருபுறமும் சரிவாகத் தேய்த்து, அதற்கு வாய் உண்டாக்கும் வேலைதான் அது. இரவுப் பாடசாலை மாணவர்க்குச் சனிக்கிழமைதோறும் இவ்வேலையைக் கற்பிக்கத் தொடங்கியபின், நம் பெரியவர் ஒருவர் வந்து, "பிள்ளைகள் பட்டறையிலும் வயலிலும் கிடந்து சாகக் கூடாது என்றுதானே கழகம் வைத்தோம். வாத்தியாரே, நீங்களே அவர்கள் கையில் அரத்தைக் கொடுக்கலாமா?" என்று கேட்டார்.

அக்கேள்வி நியாயமானது. 1953ஆம் ஆண்டு சென்னை மாநிலத்தில் இராஜாஜி கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டம், பாதி நேரம் பள்ளி, மீதி நேரம் தந்தையின் தொழில் என்று வகுத்தது. குலக்கல்வி எனப் பெயர் பெற்று எதிர்ப்புக்குள்ளான அத்திட்டத்தை அடுத்த ஆண்டே காமராசர் கைவிட்டார். அந்நினைவு நம்மவர் நெஞ்சில் இருப்பது நல்லதே. ஆனால் பெரியவர் ஒன்றை மறந்துவிட்டார். இரும்பு வேலை நமக்குப் பாட்டன் சொத்தாக வந்ததன்று. நம்மை வெளியே நிறுத்திய தொழில் அது.

நாம் சிறுவராய் இருந்தபோது, அறுவடைக்கு முன் பாட்டியார் தம் கருக்கரிவாளை எடுத்துக்கொண்டு ஊர்ப் பட்டறைக்குச் செல்வார். உடன் நாமும் போவோம். பட்டறைத் தாழ்வாரத்துக்கு வெளியே ஒரு வேப்பமரம். அதுவே நம் எல்லை. அரிவாளைத் தரையில் வைத்துவிட்டு விலகி நிற்க வேண்டும். அதன்மேல் நீர் தெளித்த பின்பே அதை எடுப்பார்கள். துருத்தியின் ஒலி கேட்கும். பொறி பறப்பது தெரியும். ஆனால் பல் எப்படி வெட்டுகிறார்கள், எந்த நிறத்தில் இரும்பை உலையினின்று எடுக்கிறார்கள் என்பதெல்லாம் அம்மரத்தடியிலிருந்து தெரியாது. வாழ்நாள் முழுதும் அரிவாள் பிடித்த பாட்டியார், அதற்கு வாய் வைக்கும் விதத்தைப் பார்க்காமலேயே போய்ச் சேர்ந்தார். சாதி என்பது தொழிலைப் பிரிப்பதோடு நிற்காமல் தொழிலாளரையே பிரிக்கிறது என்று 1936இல் அண்ணல் அம்பேத்கர் எழுதினார். அதைப் பிற்காலத்தில் படித்தபோது நமக்கு அந்த வேப்பமரமே கண்முன் நின்றது.

இனி வேலைக்கு வருவோம். பொன்மலை இரயில்வேப் பணிமனையில் ஃபிட்டராய் இருந்து ஓய்வுபெற்ற நம் உறவினர் ஒருவரிடம் நாம் ஐம்பது வயதுக்கு மேல் கற்றது இது. லாரியின் பழைய வில்பட்டையைக் காய்ச்சி அடித்து 4 மில்லிமீட்டர் கனத்துக்குக் கொண்டுவந்து, மீண்டும் சிவக்கக் காய்ச்சிச் சாம்பலில் புதைத்து மெல்ல ஆறவிட்டால், அரம் பிடிக்கும் பதத்துக்கு அது இளகும். வாய் வரவேண்டிய விளிம்பில் மை பூசிக்கொள்ள வேண்டும். பட்டையைச் சமதளத்தில் கிடத்தி, 3 மில்லிமீட்டர் ட்ரில் பிட் ஒன்றை அருகே படுக்கவைத்து, அதன் முனையால் விளிம்பு நெடுகக் கீறினால், தளத்திலிருந்து ஒன்றரை மில்லிமீட்டர் உயரத்தில் கோடு விழும். பட்டையைப் புரட்டி மறுபடியும் கீறினால் இன்னொரு கோடு. இரண்டிற்கும் நடுவே சரியாக 1 மில்லிமீட்டர் மிஞ்சும். அந்த நடு இடத்தை இப்போது தொடலாகாது. கூராகத் தேய்த்துவிட்டு உலையில் வைத்தால், மெல்லிய வாய் முன்னதாகக் காய்ந்து கெடும். தோய்க்கும்போது நெளியும், அல்லது விரியும்.

ஆகவே ஒவ்வொரு புறமும் விளிம்பில் எடுக்க வேண்டிய இரும்பு ஒன்றரை மில்லிமீட்டர். சரிவின் அகலம் 20 மில்லிமீட்டர் என்று கொள்வோம். 1.5ஐ 20ஆல் வகுத்தால் 0.075. அதுவே அக்கோணத்தின் டேன் மதிப்பு. கோணம் ஏறத்தாழ 4.3 பாகை. நாம் வரலாறு படித்த பி.ஏ.; முக்கோணவியல் பள்ளி நாள் முதலே நமக்குப் பகை. "இது எதற்கு சார் உதவும்?" என்று பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் கேட்கும்போதெல்லாம், கணக்காசிரியரைப் பார்க்கச் சொல்லித் தப்பித்துக்கொண்டவர். இப்போது விடை சொல்ல முடிகிறது.

கையால் பிடித்த அரம் இந்தக் கோணத்தைக் காக்காது. கை களைத்ததும் ஆடும், சரிவு மேடுதட்டிவிடும். அதற்கு ஒரு சாதனம் உண்டு. பலகையின் ஓரத்தில் பட்டையை வாய் நம் பக்கம் நோக்க இறுகப் பூட்டி, வாயிலிருந்து 300 மில்லிமீட்டர் பின்னே வளையத் தலை கொண்ட போல்ட் ஒன்றை நிறுத்த வேண்டும். அரத்தை ஒரு நேர்க்கம்பியில் பிணைத்து, கம்பியின் மறுமுனையை வளையத்துள் விட்டால், அரம் எங்கே நகர்ந்தாலும் அதன் சாய்வு மாறாது. வளையம் எவ்வளவு உயரத்தில் இருக்க வேண்டும்? 300ஐ 0.075ஆல் பெருக்குங்கள். விளிம்பில் கீறிய கோட்டுக்கு மேல் 22.5 மில்லிமீட்டர். அரத்தின் அடிப்பரப்புக்கும் கம்பிக்கும் உள்ள இடைவெளியை அதனுடன் கூட்டிக்கொள்ள வேண்டும். இதைச் சென்ற மாதம் எட்டாம் வகுப்போடு நின்றுவிட்ட ஒரு பையன் கணக்கிட்டுச் சொன்னான். பீடிக்கடைக்குக் கணக்கு எழுதும் பையன் அவன். மறுபடி பள்ளிக்கு வரலாமா என்று அன்றைக்கே கேட்டான்.

சரிவு கைப்பிடி வரை ஓடுவதில்லை. சற்று முன்னே நின்றுவிடும். முழுக் கனம் முடிந்து சரிவு தொடங்கும் அந்த எல்லைக்கோடு இருபுறமும் ஒரே நேரில் அமைவதே இத்தொழிலில் கடினம். நம் முதற் கத்தியில் வலப்புறக் கோடு ஒரு நெல்லளவு முந்திவிட்டது. அதற்கு ஈடாக இடப்புறத்தைத் தேய்த்தோம், அது முந்தியது. மீண்டும் வலம். இவ்வாறு சமன் செய்து சமன் செய்து, கோடு கைப்பிடிக்குள்ளேயே புகுந்துவிட்டது. போதாக்குறைக்கு அம்மூலையை அழகு கருதி அரத்தின் முனையால் கூர்மையாக வெட்டியிருந்தோம். எண்ணெயில் தோய்த்தபோது 'டிக்' என்று ஓர் ஒலி. அம்மூலையிலிருந்து மயிரிழை போல் விரிசல் ஓடியிருந்தது. ஃபிட்டர் உறவினர் சிரிக்கவில்லை. "மூலையைக் கூராக வெட்டினால், இரும்பு எங்கே பிளக்க வேண்டும் என்று நீங்களே அதற்குச் சொல்லிக்கொடுத்தாற்போல" என்றார். அம்மூலையை உருட்டரத்தால் வளைவாக விட வேண்டும். இருபுறமும் ஒன்றாய் நிற்க, கடினமாக்கிய இரண்டு எஃகுத் துண்டுகளை எல்லையில் இருபுறமும் வைத்துப் பூட்டினால் அரம் அதைத் தாண்டாது.

எல்லாக் கத்திக்கும் இருபுறச் சரிவு பொருந்தாது என்பதை நம் வீட்டுப் பெண்கள் நன்கு அறிவர். பீடி இலை வெட்டும் கத்தரியைப் பாருங்கள். அதன் ஒவ்வோர் அலகுக்கும் வெளிப்புறம் மட்டுமே சரிவு, உட்புறம் தட்டை. தெருவில் வரும் சாணைக்காரர் விவரமறியாதவராய் உட்புறத்தையும் தொட்டுவிட்டால், இலை வெட்டுப்படாமல் அலகுகளுக்கிடையே மடங்கும். அன்றைய கூலி குறையும். தோல் சீவும் கத்திக்கும் ஒருபுறச் சரிவுதான்.

தேய்த்தபின் உலை. காந்தம் ஒட்டாத நிலையை இரும்பு ஏறத்தாழ 770 பாகை செல்சியசில் அடையும். அதற்கும் சற்று மேலே காய்ச்சி, எண்ணெயில் தோய்த்து, பின் 200 பாகையளவில் மீண்டும் இளஞ்சூடு காட்டினால், வெளிறிய வைக்கோல் நிறம் படரும். அப்போது கடினமும் இருக்கும், நொறுங்குந்தன்மையும் தணியும். இதன்பின் இறுதி வாயை மின்சாரச் சாணையில் பிடிக்கும்போது நீலம் பாய்ந்துவிட்டால் அந்த இடத்தில் பதம் போயிற்று. அடிக்கடி நீரில் நனைத்தெடுப்பது அதற்காகவே.

நீர் இன்னொன்றையும் காக்கிறது. இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் மணற்கல் சாணையின்மேல் குனிந்து உலர்முறையில் தேய்த்த தொழிலாளர், கல்தூசியை மூச்சில் வாங்கி நுரையீரல் கெட்டு மாண்டனர். முள்கரண்டி தேய்த்தோர் முப்பதை ஒட்டிய வயதிலேயே மடிந்தனர். ஆர்னால்டு நைட் என்ற மருத்துவர் 1830இல் இதை எழுதினார். 1845இல் ஏங்கெல்ஸ் தம் நூலில் எடுத்துக்காட்டினார். இன்றைய செயற்கைச் சாணைக்கல் அந்த மணற்கல் அன்று. எனினும் தூசி தூசிதான். முகக்கவசமும் கண்ணாடியும் அணியாத மாணவரை நாம் சாணை அருகே விடுவதில்லை. இதில் மட்டும் நாம் பழைய காலத்து வாத்தியார்தான்.

அரிவாள் என்றதும் தென்மாவட்டத்தில் வேறோர் எண்ணம் எழுகிறதே என்று சிலர் தயங்கலாம். திருப்பாச்சேத்தி அரிவாள் என்றால் வேலைப்பாட்டை நினைப்போரைவிட வெட்டுக்குத்தை நினைப்போரே மிகுதி. 2021 செப்டம்பரில் காவல்துறை மாநிலமெங்கும் தேடுதல் நடத்தி, பட்டறைகளில் வாங்குவோர் பெயரையும் முகவரியையும் குறித்துவைக்கச் சொன்னது. நம் தெருக்களில் அரிவாளால் மகனை இழந்த தாய்மார் இந்த அவையிலும் உள்ளனர். அவர்கள் முன்னிலையில் இதை மேலும் நீட்ட மாட்டோம். நம் வகுப்பில் செய்வது ஆறு அங்குலச் சமையற்கத்தி மட்டுமே. யார் செய்தது, யார் வீட்டுக்குப் போயிற்று என்பதற்குப் பதிவேடு உண்டு. யார் வேண்டுமாயினும் பார்க்கலாம்.

தாமிரபரணிக் கரையில் ஆதிச்சநல்லூரில் 1899 முதல் அலெக்சாண்டர் ரீ அகழ்ந்தெடுத்த இரும்புக் கருவிகள் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் உள்ளன. சிவகளையில் கிடைத்த இரும்பு கி.மு. 3345 வரை பழமையுடையது எனத் தமிழக அரசு 2025 சனவரியில் அறிவித்தது. அவற்றைத் தேய்த்த கைகளுக்கு அன்று எந்தத் தெரு என்று எந்தத் தாழியும் சொல்லவில்லை. மாணவரை ஒருமுறை எழும்பூருக்கு அழைத்துச் செல்லக் கழகம் பயணச்செலவு தந்தால் நன்று. செயலாளர் அவர்கள் செவிசாய்க்க வேண்டுகிறோம்.

கேள்வி கேட்ட பெரியவரின் பேத்தி இப்போது நம் வகுப்பில் இருக்கிறாள். பதினோராம் வகுப்பு, அறிவியற் பிரிவு. அவளது கத்தியின் ஒருபுறச் சரிவு முடிந்தது. எல்லைக்கோடு வளைவாகச் செவ்வனே வந்துள்ளது. மறுபுறம் வரும் சனிக்கிழமை. பெரியவர் காலை பத்து மணிக்கு வந்தால் பார்க்கலாம். நாற்காலி சாணையருகே, உள்ளே போட்டிருப்போம்.