ஒரு கப்பல் தந்த இரண்டு கோப்பைகள்

ரக்பி என்பது கோலகங்சார் மலாய்க் கல்லூரி போன்ற பெரிய விடுதிப் பள்ளிகளுக்கும் ராணுவத்துக்கும் போலீசுக்கும் உரிய ஆட்டமாயிற்றே, கீழ்ப்பேராக்கின் ஹுத்தான் மெலிந்தாங் செம்பனைத் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு அதில் என்ன வேலை என்று நேயர் ஒருவர் கேட்டிருக்கிறார். சந்தேகம் நியாயமானதுதான். ஆனால் சரித்திரத்தை அறிந்தவர்கள் இந்தக் கேள்வியைத் திருப்பிக் கேட்பார்கள்: இத்தனை காலம் நம் பிள்ளைகளுக்கு அதில் ஏன் இடமில்லாமற் போயிற்று?

ஆதிக் கதையை நீங்களும் கேட்டிருப்பீர்கள். 1823இல் இங்கிலாந்தின் ரக்பி பள்ளியில் வில்லியம் வெப் எல்லிஸ் என்ற மாணவன், காலால் உதைக்கவேண்டிய பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடினானாம். இந்தக் கதை வெளிவந்ததே 1876இல். எல்லிஸ் அதற்கு நான்கு ஆண்டுகள் முன்பே காலமாகிவிட்டார். சொன்னவரும் அதை நேரில் கண்டவரல்லர். ஆயினும் உலகக் கோப்பைக்கு அவர் பெயரையே சூட்டிவிட்டார்கள். இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் இன்றளவும் போட்டியிடும் கல்கத்தா கோப்பையோ, கல்கத்தாவில் வெள்ளையர் நடத்திய ரக்பி சங்கம் கலைந்தபோது மிஞ்சிய வெள்ளி ரூபாய்களை உருக்கிச் செய்தது. ரூபாய் இந்தியாவினுடையது, ஆட்டம் மட்டும் அவர்களுடையது!

நம் பேராக்குக்கு வருவோம். மலாயாவின் ரப்பர் கன்றுகள் 1877இல் வேரூன்றிய அதே கோலகங்சாரில்தான் 1905இல் மலாய்க் கல்லூரியும் எழுந்தது. ரப்பர் அங்கிருந்து கீழ்ப்பேராக்கின் ஆற்றோரம் வரை பரவி, தமிழ்நாட்டிலிருந்து நம் முன்னோரை ஆயிரக்கணக்கில் இழுத்து வந்தது. கல்லூரியில் செழித்த ரக்பியோ அந்தத் தூரத்தைக் கடக்கவேயில்லை.

இனி, இந்த ஆட்டத்தோடு ஒரு கப்பலையும் பிணைத்து என்னை நெடுநாளாக உறுத்தும் விஷயத்தைச் சொல்கிறேன். 1912இல் கூட்டு மலாய் மாநிலங்களின் அரசாங்கம், ஏறத்தாழ முப்பது லட்சம் பவுன் செலவில் ஒரு போர்க்கப்பலைப் பிரிட்டிஷ் கடற்படைக்குத் தானமாகக் கொடுக்க முன்வந்தது. அதுவே ‘எச்.எம்.எஸ். மலாயா’. 1916ஆம் ஆண்டு ஜட்லாண்டு கடற்போரில் நம் கூட்டு மாநிலங்களின் நாலு நிறக் கொடியைப் பறக்கவிட்டுப் போரிட்டு, எட்டுக் குண்டுகளைத் தாங்கி, அறுபதுக்கும் மேற்பட்ட மாலுமிகளைப் பறிகொடுத்த கப்பல் அது. அந்த வீரத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அந்தப் பணம் எங்கிருந்து வந்தது? அரசாங்கக் கஜானாவை நிரப்பியவை ஈயமும் ரப்பரும். அதாவது, விடியற்காலை இருட்டில் பால் வெட்டப் போன கைகளின் உழைப்பில் ஒரு பங்கு, இரும்பாகவும் பீரங்கியாகவும் உருமாறிக் கடலில் மிதந்தது.

அந்தக் கப்பல் 1921இல் மலாயாவுக்கு வந்தது. இங்கே கிடைத்த உபசாரத்துக்கு நன்றியாக அதன் அதிகாரிகளும் மாலுமிகளும் இரண்டு கோப்பைகளை அளித்தார்கள்: ஒன்று கால்பந்துக்கு, மற்றது ரக்பிக்கு. அதே சமயத்தில்தான் ரப்பர் விலை அதலபாதாளத்துக்குச் சரிந்து, தோட்டங்கள் ஆட்குறைப்புச் செய்து, நம்மவர் பலர் வேலையிழந்து கப்பலேறி ஊர் திரும்பிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் உழைப்பில் உருவான கப்பல் பரிசு கொடுத்தது. அவர்களுக்கோ பயணச்சீட்டு மிஞ்சியது. இதை அநியாயம் என்று சொல்ல எனக்குத் தயக்கமில்லை.

இரண்டு கோப்பைகளின் விதியும் வெவ்வேறாயிற்று. கால்பந்துக் கோப்பை மலேசியக் கோப்பையாகி ஜனங்களின் சொத்தாயிற்று. தோட்டத்துத் திடல்களில் வெறுங்காலோடு உதைத்துப் பழகிய நம் வாலிபர்களும் அந்த ஆட்டத்தைத் தமதாக்கிக்கொண்டார்கள். ‘ஸ்பைடர்மேன்’ என்று நாடே கொண்டாடிய இலக்குக் காவலர் ஆர். ஆறுமுகத்தை எந்தத் தமிழன் மறப்பான்? ரக்பிக் கோப்பைக்காகத் துரைமாரும் உத்தியோகஸ்தர்களும் ஆடினார்கள். நம்மவர் அதில் சேராததற்கு உடல்வாகு காரணம் என்பார்கள் சிலர், நான் ஒப்பமாட்டேன். கால்பந்தைப் பார்த்தே பழகிவிடலாம், ரக்பியை ஒருவர் கூடவே நின்று கற்றுத் தரவேண்டும். 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டப்படி, பத்துப் பிள்ளைகள் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி வைக்கவேண்டியிருந்தது. பெரும்பாலும் ஓர் அறையும் ஓர் ஆசிரியருமாக நடந்த அந்தப் பள்ளியில் அதை யார் கற்றுத் தருவது?

கற்றுத் தந்தால் என்ன ஆகும் என்பதற்கு வங்காளத்தின் ஜல்பைகுரி மாவட்டத்துச் சரஸ்வதிபூர் தேயிலைத் தோட்டமே சாட்சி. நம்மைப் போலவே அங்கும் தொழிலாளர் குடும்பங்களின் முன்னோர் தொலைவிலிருந்து கொண்டுவரப்பட்டவர்கள். 2013வாக்கில் கொல்கத்தாவின் ஜங்கிள் குரோஸ் ரக்பி சங்கத்தார் அங்கே முட்டை வடிவப் பந்தோடு போனார்கள். கொழுந்து பறிப்பவர்களின் பெண்பிள்ளைகள் அதைப் பற்றிக்கொண்டார்கள். அந்தத் தோட்டத்துச் சந்தியா ராய் இந்தியாவுக்காகவே ஆடினார். இந்தியப் பெண்கள் அணி 2018இல்தான் முதன்முதலாகப் பதினைவர் ஆட்டத்தில் சர்வதேசக் களம் கண்டது; மறு ஆண்டே மணிலாவில் சிங்கப்பூரை 21-19 என்று வென்றது. அந்த வெற்றியின் கடைசி நேரப் புள்ளிகளை உதைத்துச் சேர்த்த சுமித்ரா நாயக், ஒடிசாவில் பழங்குடிப் பிள்ளைகளுக்கான விடுதிப் பள்ளியொன்றில் பயின்றவர்.

ஆகவே ஹுத்தான் மெலிந்தாங், பாகான் டத்தோ வட்டாரத்துத் தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களுக்கும் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தாருக்கும் என் விண்ணப்பம் இது: இடுப்பில் நாடா செருகி, மோதலின்றி, நாடாவைப் பறித்து ஆடும் சிறுவர் ரக்பிக்குப் புல்திடலும் ஒரு பந்தும் போதும், பதினைந்து பேர்கூட வேண்டாம். அடுத்த சங்கக் கூட்டத்தில் இதைப் பேச்சுக்கு எடுங்கள், பெண்பிள்ளைகளையும் சேர்த்தே தொடங்குங்கள்.