மணியடிப்பதற்கு முன் பதினைந்து நிமிடம்

(குறுவள மையக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



ஆரோக்கிய உணவு பற்றிப் பேசச் சொன்னார்கள். சரிவிகித உணவு அட்டை எல்லோர் வகுப்பறையிலும் தொங்குகிறது. அதை இங்கே படித்துக் காட்டப் போவதில்லை. எங்கள் நடுநிலைப் பள்ளியின் ஆறாம் வகுப்பில் நடந்ததைச் சொல்கிறேன்.

சென்ற ஆண்டு ஜூலையில் காலை வழிபாட்டுக் கூட்டத்தில் ஒரு மாணவி மயங்கி விழுந்தாள். முந்தைய வாரத் தேர்வில் சரிவிகித உணவு வினாவுக்கு ஐந்துக்கு ஐந்து வாங்கியவள். காலையில் என்ன சாப்பிட்டாய் என்று கேட்டேன். ஐந்து ரூபாய் சிப்ஸ் பாக்கெட். அதையும் தோழியோடு பங்கு போட்டிருக்கிறாள். அதே வளாகத்தில் அவள் தம்பி, மூன்றாம் வகுப்பு, பொங்கல் சாப்பிட்டு முடித்துக் கை கழுவிக்கொண்டிருந்தான்.

காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பரில் தொடங்கி, அடுத்த ஆண்டே எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்தது. ஆனால் அது ஐந்தாம் வகுப்பு வரை. ஏப்ரல் வரை சாப்பிட்ட பிள்ளைக்கு ஜூனில் அது இல்லை. அவள் அம்மாவை ஏழு மணிக்கே பனியன் கம்பெனி வேன் வந்து ஏற்றிப் போய்விடும். மதியம் சத்துணவில் முட்டை உண்டு, உண்மைதான். அதற்குள் நான்கு பாடவேளை போய்விடுகிறதே!

விசாரித்ததில் இன்னொன்றும் தெரிந்தது. சிலர் பையில் பழைய சோறு இருந்தது. கேலி செய்வார்கள் என்று திறப்பதில்லை. தலைமை ஆசிரியரிடம் கேட்டு, மணியடிப்பதற்கு முன் பதினைந்து நிமிடம் வாங்கினேன். என் டப்பாவிலும் பழைய சோறு, சின்ன வெங்காயம். முதல் நாள் என்னோடு உட்கார்ந்தது மூன்று பேர். எனக்கே கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது. இரண்டு வாரத்தில் ஊறுகாய்க்குச் சண்டை வந்தது.

டப்பா கட்டித்தர ஆளில்லாத பிள்ளைகளுக்கு என்ன செய்வது? பள்ளி மேலாண்மைக் குழுவில் பேசினோம். உறுப்பினர் ஒருவர் தோட்டத்திலிருந்து வாழைப்பழம் வருகிறது. அவித்த கடலைக்கு நாங்கள் பணம் போடுகிறோம். எல்லா நாளும் முடிவதில்லை.

பள்ளி வாசலிலிருந்து 50 மீட்டருக்குள் கொழுப்பு, உப்பு, சர்க்கரை மிகுந்த பண்டங்களை விற்கக்கூடாது என்பது 2020-ஆம் ஆண்டின் விதி. கடைப் பாட்டியிடம் சொன்னேன். "வேற எதை டீச்சர் விக்கச் சொல்றீங்க?" என்றார். நியாயமான கேள்வி. இப்போது கடலை மிட்டாயும் கொய்யாவும் முன்னால் இருக்கின்றன. பாக்கெட்டுச் சரம் போய்விடவில்லை, உள்ளே போயிருக்கிறது.

வாராந்திர இரும்புச்சத்து மாத்திரையைப் பிள்ளைகள் கழிப்பறைப் பக்கம் வீசுவதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். வெறும் வயிற்றில் போட்டால் குமட்டும். ஒருமுறை குமட்டினால் மறுபடி தொடமாட்டார்கள். மதிய உணவுக்குப் பிறகே கொடுங்கள். கூட ஒரு துண்டு நெல்லிக்காய் கொடுத்தால் இரும்புச்சத்து நன்றாக உடம்பில் சேரும். அதையொட்டி டீ குடித்தால் சேர்வது குறையும்.

ஆறாம் வகுப்பு ஆசிரியர்கள் நாளைக் காலை ஒருமுறை விசாரியுங்கள். "சாப்பிடாதவர்கள் எழுந்து நில்லுங்கள்" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்; ஒருவரும் எழமாட்டார்கள். பக்கத்தில் உட்கார்ந்து, நேற்று ராத்திரி என்ன குழம்பு என்று ஆரம்பியுங்கள்.