தாயிடம் ஒப்படைத்தார்

(வானொலி மறையுரை. பொதுக்காலம் 24ஆம் வாரம், செவ்வாய். நற்செய்தி: லூக்கா 7:11-17)



நயின் ஊர் வாயிலில் இரண்டு கூட்டங்கள் எதிரெதிரே சந்திக்கின்றன. ஒரு கூட்டம் இயேசுவோடு ஊருக்குள் வருகிறது. இன்னொரு கூட்டம் ஒரு பாடையைச் சுமந்துகொண்டு வெளியே போகிறது. இறந்தவன் தாய்க்கு ஒரே பிள்ளை. அந்தத் தாயோ கைம்பெண். இயேசு மனமிரங்கி, பாடையைத் தொடுகிறார். இளைஞன் எழுந்து உட்கார்ந்து பேசுகிறான்.

புதுமை அத்தோடு முடிந்தது என்று நாம் எண்ணுவோம். ஆனால் லூக்கா மேலும் ஒரு செய்தியைச் சொல்கிறார். உயிர் பெற்ற மகனை இயேசு அவன் தாயிடம் ஒப்படைத்தார். அவனைத் தம்மோடு அழைத்துப் போயிருக்கலாம். ஊர் ஊராக நிறுத்திக் காட்டியிருந்தால், எத்தனையோ பேர் வியந்திருப்பார்கள். இயேசு அப்படிச் செய்யவில்லை. பிள்ளையின் இடம் தாயின் பக்கம் என்று அவர் அறிந்திருந்தார்.

இதே நிகழ்ச்சியைப் பழைய ஏற்பாட்டிலும் பார்க்கிறோம். அரசர்கள் முதல் நூல் 17ஆம் அதிகாரம். பஞ்ச காலத்தில் இறைவாக்கினர் எலியா தம் நாட்டைக் கடந்து, சீதோன் பகுதியிலுள்ள சாரிபாத்துக்குப் போகிறார். அங்கே ஒரு கைம்பெண்ணும் அவள் மகனும் கடைசி அப்பத்தைச் சுட்டுச் சாப்பிட்டுவிட்டுச் சாகக் காத்திருக்கிறார்கள். வெளிநாட்டுக்குப் போன இந்த மறைப்பணியாளர் கொண்டுபோனது என்ன? ஒன்றுமில்லை. தண்ணீர் கேட்டார், அப்பம் கேட்டார். அந்த ஏழையின் கையால் வாங்கிச் சாப்பிட்டார். அவள் வீட்டு மாடி அறையில் பல நாள் தங்கினார். பிள்ளை இறந்தபோது ஆண்டவரிடம் கதறினார். உயிர் திரும்பியதும் அவனை மாடியிலிருந்து இறக்கிக் கொண்டுவந்து தாயிடம் கொடுத்தார்.

அன்பார்ந்தவர்களே, இன்று இதைச் சொல்ல ஒரு காரணம் உண்டு. வெளிநாட்டுப் பங்குகளிலிருந்து குழுக்கள் விடுமுறைக் காலத்தில் இங்குள்ள இல்லங்களுக்கு வந்து போவதை நாம் பார்த்திருக்கிறோம். இப்போது நம் இளையோரும் கேட்கிறார்கள்: "சாமி, நாங்களும் கடல் கடந்து ஒரு அனாதை இல்லத்துக்குப் போய்ப் பத்து நாள் பணி செய்துவிட்டு வரலாமா?" நல்ல ஆசைதான். அதில் தண்ணீர் ஊற்ற எனக்கு மனமில்லை. ஆனால் அந்த இல்லத்துப் பிள்ளையின் பக்கத்திலிருந்து ஒருமுறை பார்ப்போம்.

நான்கு வயதுக் குழந்தை. பத்து நாள் ஒரு அக்காவின் இடுப்பிலேயே இருக்கிறது. அந்த அக்கா சோறு ஊட்டுகிறாள், பாட்டுச் சொல்லித் தருகிறாள். பதினோராம் நாள் வண்டி கிளம்பிவிடுகிறது. அடுத்த மாதம் வேறொரு குழு, வேறொரு அக்கா. இப்படியே ஆண்டு முழுவதும் போனால், யார் வந்தாலும் ஓடிப்போய்க் கட்டிக்கொள்ளக் குழந்தை பழகிவிடுகிறது. அதைப் பார்த்து, "எவ்வளவு பாசம்!" என்று நாம் நெகிழ்கிறோம். பிள்ளைகளைப் பராமரிப்பதில் அனுபவம் உள்ளவர்களோ, நிலையான ஒருவருடைய அன்பு கிடைக்காத ஏக்கம் அதில் இருக்கலாம் என்பார்கள்.

இதற்கு வெளிநாடு போகவும் வேண்டாம். நம் ஊரிலேயே பிறந்தநாளுக்கு ஏதாவது ஒரு இல்லத்தில் சாப்பாடு போடுகிறோம். பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்து, பெயர் தெரியாத ஒருவருக்கு வாழ்த்துப் பாடுகிறார்கள். நாம் படம் எடுத்துக்கொண்டு மனநிறைவோடு திரும்புகிறோம். பிரியாணி நல்லதுதான். ஆனால் அந்தப் பிள்ளையின் பிறந்தநாள் என்றைக்கு என்று நம்மில் எத்தனை பேர் கேட்டோம்?

இன்னொரு உண்மையையும் தெரிந்துகொள்வோம். உலகெங்கும் இத்தகைய இல்லங்களில் வாழும் பிள்ளைகளில் ஐந்து பேரில் நான்கு பேருக்காவது தாயோ தந்தையோ உயிரோடு இருக்கிறார்கள் என்று 2009இல் 'சேவ் த சில்ட்ரன்' அமைப்பு எடுத்துச் சொன்னது. பெற்றோர் இல்லாமல் போனதைவிட வறுமையே பல பிள்ளைகளை அங்கே கொண்டுபோய் விடுகிறது. 2019 டிசம்பரில் ஐக்கிய நாடுகள் பொதுப்பேரவையும், அனாதை இல்லங்களில் செய்யப்படும் தன்னார்வப் பணியால் பிள்ளைகளுக்கு நேரும் தீங்குகளைத் தடுக்க வேண்டும் என்று நாடுகளைக் கேட்டுக்கொண்டது. நம் நாட்டின் 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டமும் பிள்ளையை இல்லத்தில் சேர்ப்பதைக் கடைசி வழியாகவே வைக்கிறது. உண்மையிலேயே யாருமற்ற பிள்ளைகளைப் பொறுமையோடு வளர்க்கும் அருள்சகோதரிகளைக் குறைசொல்லும் பேச்சு அல்ல இது. அவர்களுடைய சுமை தேவையின்றிக் கூடக்கூடாது என்பதே கருத்து.

திருத்தூதர் யாக்கோபு தம் திருமுகத்தின் முதல் அதிகாரத்தில், துன்புறும் அனாதைகளையும் கைம்பெண்களையும் கவனிப்பதே தூய சமயப் பற்று என்கிறார். இருவரையும் ஏன் சேர்த்தே சொல்கிறார்? விவிலியம் அனாதை என்று சொல்லும் பிள்ளை பெரும்பாலும் தந்தையை இழந்த பிள்ளை. அதன் தாய்தான் அந்தக் கைம்பெண். தாயை மறந்துவிட்டுப் பிள்ளையை மட்டும் தூக்குவது அரைகுறை அன்பு.

கவனிப்பது என்பதற்கு யாக்கோபு எழுதிய கிரேக்கச் சொல்லும், கடவுள் தம் மக்களைத் தேடி வந்தார் என்று நயின் மக்கள் வியந்ததைச் சொல்ல லூக்கா எழுதிய சொல்லும் ஒன்றே. ஆயர் என்பதற்கான கிரேக்கச் சொல்லும் அதே வேரிலிருந்து வந்தது. எட்டிப் பார்த்துவிட்டுப் போவதை அந்தச் சொல் குறிக்கவில்லை. பொறுப்பேற்கத் தேடி வருவதைக் குறிக்கிறது.

அப்படி வந்தவர்களைப் புதுச்சேரி அறியும். அருளாளர் ஆன் மரி ஜாவுஹே நிறுவிய குளூனி புனித சூசையப்பர் சபைச் சகோதரிகள் 1827இல் கப்பலில் இங்கே வந்தார்கள். அந்தச் சபை இன்றும் நம்மோடு இருக்கிறது. கொல்கத்தாவில் புனித அன்னை தெரேசாவின் இல்லங்களுக்கு உலகெங்கிலுமிருந்து சில நாள் உதவிக்கு வருபவர்கள் பலர். அவர்களுக்குக் கிடைக்கும் வேலைகளில் முக்கியமானது துணி துவைப்பது. குறுகிய காலம் வருபவருக்கு ஏற்ற வேலை அது. துவைத்த துணி நம்மைத் தேடி அழாது.

ஆகவே, போக விரும்பும் இளையோரே, முதலில் அங்குள்ளவர்களிடம் என்ன தேவை என்று கேளுங்கள். எலியாவைப் போல வாங்கிக்கொள்ளவும் தயாராகப் போங்கள். சுவருக்கு வண்ணம் பூசுங்கள், சமையலறையில் உதவுங்கள், ஆண்டு முழுவதும் உழைக்கும் பணியாளர்களுக்கு ஓய்வு கொடுங்கள். பிள்ளைகளின் படத்தைக் கைப்பேசியில் பரப்பாதீர்கள். திரும்பி வந்த பிறகும் அந்த உறவைக் கைவிடாதீர்கள்.

பெரியவர்களே, நயின் ஊர்க் கைம்பெண் நம் தெருவிலும் இருக்கிறாள். தேங்காய்த்திட்டு துறைமுகத்திலிருந்து கடலுக்குப் போன கணவன் திரும்பவில்லை. நான்கு வீட்டில் பாத்திரம் தேய்த்துப் பிள்ளையைப் படிக்கவைக்க முடியாமல், இல்லத்தில் விட்டுவிடலாமா என்று அவள் யோசிக்கிறாள். பிள்ளையை வீட்டிலேயே வளர்க்க, தகுதியுள்ள குடும்பங்களுக்கு மிஷன் வாத்சல்யா திட்டத்தில் மாதம் 4,000 ரூபாய் உதவி உண்டு. குழந்தைகள் பாதுகாப்பு அலகில் விசாரிக்கலாம். உதவி எண் 1098. அவளுக்கு விண்ணப்பம் எழுதத் தெரியாது, அலையவும் நேரமில்லை. நம் அன்பியத்தில் ஒருவர் ஒருநாள் அவளோடு போய் வரக்கூடாதா?

1833இல் பாரிசில் ஓசானாமும் அவருடைய நண்பர்களும் புனித வின்சென்ட் தே பவுல் சபையைத் தொடங்கியபோது, ஏழைகளின் வீடுகளுக்கு நேரில் போவதையே தங்கள் பணியாகக் கொண்டார்கள். அந்த வீடு சந்திப்புக்குக் கடவுச்சீட்டு தேவையில்லை. இந்த வாரம் ஒரு வீட்டின் கதவைத் தட்டுவோம். அடுத்த வாரமும் அதே வீட்டுக்குப் போவோம்.

மன்றாடுவோம். இரக்கமுள்ள ஆண்டவரே, எங்களைத் திக்கற்றவர்களாய் விட்டுவிடாதவரே, பிள்ளையைத் தாயிடம் ஒப்படைத்த உம் கரங்களின் பணியை எங்கள் கரங்களும் செய்ய அருள்தாரும். ஆமென்.