அநுரவின் முதல் வேலை பாக் நீரிணையில்!



2024 செப்டம்பர் 23-ல் இலங்கை அதிபரானார் அநுர குமார திசாநாயக்க. டிசம்பரில் அவரோட முதல் வெளிநாட்டுப் பயணமே டெல்லிக்குத்தான். கடன், சீனா, துறைமுகம்னு அவருக்கு ஆயிரம் கவலை. நம்ம கேள்வி ஒண்ணுதான்: ராமேஸ்வரம் மீனவர் எப்போ பயமில்லாம கடலுக்குப் போவார்?

கைதும் படகுப் பறிமுதலும் தீர்வே இல்லை. ஆனா உண்மையையும் பேசணும். இழுவை மடியை இலங்கை 2017-லேயே தடை செஞ்சாச்சு. நம்ம இழுவைப் படகால அங்கே அறுபடுறது யாழ்ப்பாணம், மன்னார்த் தமிழரோட வலை!

இழுவைப் படகை விடுறவங்களுக்கு ஆழ்கடல் படகு கொடுக்கிறது டெல்லியோட கடமை. பிடிச்ச படகைத் திருப்பித் தர்றது கொழும்போட கடமை. ரெண்டு கரை மீனவரையும் உட்கார வெச்சுப் பேசுங்க. கடல் ரெண்டு பேருக்கும் சோறு போடணும்!



#பாக்நீரிணை #மீனவர்உரிமை