அயல்நாட்டில் ஓய்வுநாளும் ஊரறிதலும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



பிழைப்பின் பொருட்டும் கல்வியின் பொருட்டும் பிறநாடு சென்றவர்கள் தம் ஓய்வுநாளை எவ்வாறு கழிக்கலாம் என்பது பற்றிச் சில சொல்ல விரும்புகின்றோம். இது சிறிய பொருளாகத் தோன்றலாம். ஆயினும் நம் ஊரிற் பல வீடுகளிலிருந்து ஒருவரேனும் இலண்டனிலோ ரொறன்ரோவிலோ இருக்கின்றார். நம்மிற் சிலரும் நாளை போகக்கூடும். ஆகவே இது நம் வீட்டுப் பொருளேயாகும்.

வேலைநாள் முதலாளிக்கு உரியது. ஓய்வுநாளே தனக்கு உரியது. அந்நாளில் வெளியே சென்று நாலு இடம் பார்ப்பவனுக்கு அந்நிய நாடு மெல்ல மெல்ல அறிந்த நாடாகின்றது. அறைக்குள் அடைந்து கிடப்பவனுக்கோ, முப்பது ஆண்டு சென்றாலும் வேலைத்தலமும் வீடும் இடையிலுள்ள புகைவண்டிப் பாதையுமே அந்நாடு. இரண்டு வேலை செய்து களைத்து வரும் அண்ணன்மாரைக் குறைகூற இதைச் சொன்னோமல்லோம். அவர்கள் அனுப்பிய பணத்திற் படித்தவர்கள் இச்சபையிலும் உளர். அரைநாள் மிஞ்சினாலும் அதனால் எவ்வளவு பயன் கொள்ளலாம் என்பதையே சொல்ல வந்தோம்.

மலாயாவிலே புகைவண்டிப் பகுதியிலும் கந்தோர்களிலும் உத்தியோகம் பார்த்த நம்மவர் கதையைப் பெரியோர் அறிவர். அந்நாட்டிலுள்ள பத்துமலையை எடுத்துக்கொள்வோம். கோலாலம்பூருக்கு வடக்கே ஏறத்தாழ 13 கிலோமீற்றர் தூரத்தில் உள்ள சுண்ணக்கற் குன்று அது. 1860 ஆம் ஆண்டுகளிற் சீனக் குடியேறிகள் அதன் குகைகளில் வௌவால் எச்சத்தைத் தோட்ட உரத்திற்காக அகழ்ந்தனர். 1878 இல் அமெரிக்க விலங்குநூலறிஞர் வில்லியம் ஹோர்னடே அங்கு சென்று அக்குகைகளை மேனாட்டார் அறியச் செய்தார். சிங்கப்பூரிற் பிறந்து கோலாலம்பூரில் வாழ்ந்த தம்புசாமிப்பிள்ளை என்னும் தமிழ்ப் பிரமுகரோ, அதனை முருகனுக்குரிய இடமாகக் கண்டார். அங்கு வழிபாட்டைத் தொடக்கினார். 1892 முதல் தைப்பூசம் நடைபெறலாயிற்று. இன்று 272 படியேறி இலட்சக்கணக்கானோர் வழிபடுகின்றனர். குகை ஒன்றே, காண்பவன் கொண்டு சென்ற கண்ணுக்கேற்ப அது உரமாகவும் உயிர்நூலாகவும் கோயிலாகவும் ஆயிற்று. பிறநாடு செல்பவன் தன் ஊர்க்கண்ணை விட்டுவிட்டுப் போகவேண்டியதில்லை என்பதற்கு இதனினும் நல்ல சான்று வேண்டுமோ?

இனி, ஆனந்த குமாரசுவாமியை நோக்குவோம். 1877 இற் கொழும்பிலே சேர் முத்துக்குமாரசுவாமிக்கு மகனாகப் பிறந்தவர். தந்தையை இழந்து, தாயின் நாடாகிய இங்கிலாந்திலே வளர்ந்தவர். நிலநூல் கற்று, இலங்கையின் கனிப்பொருள் ஆய்வுப் பகுதிக்குத் தலைவராக 1903 இல் அமர்ந்தபோது, அவருக்குப் பிறந்த மண்ணே அயல்மண்ணாக இருந்தது. கல்லைத் தேடிக் கிராமங்களுக்குச் சென்றவர் அங்கே கைவினைஞரைக் கண்டார். தச்சர், கொல்லர், நெசவாளர், ஓவியர் ஆகியோரிடம் கேட்டுக் கேட்டு எழுதினார். உடன் சென்ற அவர் மனைவி எத்தெல் நிழற்படம் எடுத்தார். 1908 இல் வெளிவந்த இடைக்காலச் சிங்களக் கலை பற்றிய பெருநூல் அவ்வாறு பிறந்ததே. உத்தியோகத்திற்காகச் சென்ற வழியிலேயே அவர் வாழ்நாட் பணியும் கிடைத்தது.

நம் வன்னிக்கு அண்மையான சான்றும் உண்டு. ஹென்றி பாக்கர் என்னும் ஆங்கிலேயர் இலங்கை நீர்ப்பாசனப் பகுதியிற் பொறியியலாளராக இருந்தவர். அவர் தொழில் குளக்கட்டும் துரிசும். ஆயினும் காட்டுக் கிராமங்களில் தங்கியபோது கட்டை மட்டும் அளந்து திரும்பினாரில்லை. சனங்கள் சொன்ன கதைகளைச் சேர்த்து மூன்று பெருந்தொகுதிகளாக வெளியிட்டார். 1909 இல் வெளியிட்ட பழைய இலங்கை பற்றிய நூலிலே, பழங்குளங்களோடு, ஊரவர் கட்டங் கீறி ஆடும் விளையாட்டுக்களையும் எழுதி வைத்தார். அவ்வாறே ஜே. பி. லூயிஸ் என்னும் ஆங்கில உத்தியோகத்தர் 1895 இல் வெளியிட்ட வன்னிக் கைந்நூலை இன்றும் ஆராய்ச்சியாளர் புரட்டுகின்றனர். ஆட்சி செய்ய வந்த அந்நியர் எழுதியவற்றை முழுதும் ஒப்பவேண்டுமென்பதில்லை. ஆனால் நாம் எழுதாதவிடத்து, பிறர் எழுதியதே நம் சரித்திரமாக நிற்கும்.

தோழர்களே, இங்கே நம்மைப் பார்த்து ஒரு கேள்வி கேட்போம். அந்நிய நாட்டிலே ஊர் காணப் போகின்றவர்கள் நாம். நம் ஊரைக் கண்டோமா? கனகராயன் ஆறு இரணைமடுவிலே தேங்கி, சுண்டிக்குளக் கடனீரேரியிற் சேர்கின்றது. அக்குளத்து வேலை தொடங்கியது 1902 இல். சுண்டிக்குளம் 1938 இற் பறவைகள் சரணாலயமாகி, 2015 இல் தேசிய பூங்காவாயிற்று. தூரதேசத்துப் பறவைகள் வழி தெரிந்து வருகின்ற அவ்விடத்திற்கு, துவிச்சக்கரவண்டி வைத்திருக்கும் நம்மிலே எத்தனை பேர் போயிருக்கின்றோம்?

தர்மபுரம் குடியேறியவர்களால் வளர்ந்த ஊர். குடாநாட்டிலிருந்து வந்தோரும் மலையகத்திலிருந்து வந்தோரும் இங்கே காடு வெட்டினர். அவர்களும் ஒருகாலத்தில் இம்மண்ணுக்கு அந்நியரே. எந்த மோட்டையில் நீர் நிற்கும், எவ்வழியில் யானை வரும், பாலைப்பழம் எப்போது பழுக்கும் என்பவற்றை நடந்தும் கேட்டுமே கற்றனர். 2009 இல் ஊர் முழுதும் பெயர்ந்தபோது நாம் குழந்தைகளாயிருந்தோம். திரும்பி வந்தபின் வீடு கட்டினோம், கிணறு இறைத்தோம். ஆனால் அவ்வறிவு நம் கைக்கு இன்னும் முழுதாக வரவில்லை. அதனை வைத்திருக்கும் பெரியோர் ஆண்டுக்காண்டு குறைகின்றனர்.

ஆதலின் ஒரு வேண்டுகோள். மாதத்தில் ஒரு ஞாயிறு, காலைப் பூசை முடிந்தபின், சங்கத்து இளைஞர் ஒரு பெரியவரையும் அழைத்துக்கொண்டு ஓரிடம் செல்வோமாக. கல்மடுக்குளம், நெத்தலியாறு, புளியம்பொக்கணை நாகதம்பிரான் கோயில் என்று அண்மையிலேயே தொடங்கலாம். ஒருவர் கொப்பியில் எழுதட்டும். ஒருவர் படம் எடுக்கட்டும். கண்ணிவெடி எச்சரிக்கைப் பலகை நிற்குமிடத்தில் ஓரடியும் வைக்கலாகாது. அறியாத காட்டுவழி புகலாகாது. எழுதியவற்றை அடுத்த ஆண்டு மலரில் அச்சிடுவோம்.

இப்பழக்கம் பெற்றவன் நாளை எந்நாடு சென்றாலும் அங்கே ஞாயிற்றுக்கிழமை தனித்துக் கிடக்கமாட்டான். அந்நாட்டார் அவனிடம் உன் ஊர் எது, எத்தன்மையது என்று கேட்கும்போது, சொல்லுதற்கும் அவனிடம் பொருள் இருக்கும்.

பெரியோர்களே, வருகின்ற ஞாயிறு நாங்கள் உங்கள் வாசலுக்கு வருவோம். எங்களோடு வாருங்கள், நடக்க முடியாதவர்கள் இருந்தவிடத்திலேயே வழி சொல்லுங்கள்.