மார்கழிக் காற்றில் மல்லை மேடை

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் துவைத்த துணி காயாமல், வெளியே கால் வைக்க வழியில்லாமல், மனசிலும் கொஞ்சம் பூஞ்சை பிடித்த மாதிரி இருக்கிறதா? மழை விட்டு மார்கழிப் பனி இறங்கிய கையோடு செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரம் வரை போய்வருவோம், வாருங்கள்.

சென்னைப் பக்கமிருந்து ரயிலில் வந்தால், செங்கல்பட்டு நிலையத்துக்குச் சற்று முன்னால் தண்டவாளத்தை ஒட்டியே கொளவாய் ஏரி. நல்ல மழை பெய்த வருடம் என்றால் ஜன்னல் ஓரத்து இருக்கைக்கு அப்போதுதான் மதிப்பு. ஊரை ஒட்டினாற்போல் வல்லம் இருக்கிறது. அங்கே குன்றில் குடைந்த சிவன் கோயிலைச் செய்வித்தவன் கந்தசேனன் என்றும், அவன் தகப்பனார் மகேந்திரவர்மப் பல்லவனுக்கு அடங்கிய அரையர் என்றும் கல்வெட்டு சொல்கிறது.

அந்த மகேந்திரவர்மன் லேசுப்பட்ட ஆள் இல்லை. ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் 'மத்தவிலாசப் பிரகசனம்' என்று சமஸ்கிருதத்தில் ஒரு நகைச்சுவை நாடகம் எழுதியவன். காஞ்சிபுரத்துத் தெருவில் குடிபோதையில் திரிகிற காபாலிகன் ஒருவன் தன் கபாலத்தைத் தொலைத்துவிடுகிறான். வழியில் அகப்பட்ட புத்த பிட்சுவைப் பிடித்து, 'நீதான் எடுத்தாய்' என்று வம்புக்கு இழுக்கிறான். கடைசியில் பார்த்தால், கபாலத்தைக் கவ்விக்கொண்டு போனது ஒரு நாய்! தன் தலைநகரத்தையே கேலிக்கு வைத்து ஒரு ராஜா எழுதியிருக்கிறான் பாருங்கள். கேரளக் கோயில்களில் இன்றும் இது கூத்தாக நடக்கிறது. எழுதியவனின் சொந்தச் சீமையில் பேர் மட்டும்தான் மிச்சம். எனக்கு அதில் வருத்தம் உண்டு.

திருக்கழுக்குன்றத்து மலையைப் பேருந்திலிருந்தே கும்பிட்டுவிட்டு நேரே கடற்கரைக்குப் போவோம். மாமல்லபுரத்துக்கு வடக்கே சில கிலோமீட்டரில் சாளுவன்குப்பம். அங்கே புலிக்குகை என்று ஒன்று. பேர்தான் குகை, பார்த்தால் மேடை. ஒரே பாறையில் நடுவே சிறு மண்டபம், அதைச் சுற்றி வளையமாக யாளித் தலைகள், ஒருபக்கம் அம்பாரி சுமந்த யானைகள். உற்சவ நாளில் மூர்த்தியை எழுந்தருளச் செய்யவோ, திறந்தவெளி அரங்காகவோ பயன்பட்டிருக்கும் என்கிறார்கள். எதிரே மணலில் உட்கார்ந்து பார்த்தால், அரங்கு என்பதைத்தான் என் மனசு ஒப்புக்கொள்கிறது. பக்கத்து அதிரணசண்டேசுவரக் குகைக் கல்வெட்டு, அதைக் குடைவித்த மன்னனின் சங்கீதத்தை முழுதாக அறிய பரதரோ நாரதரோ கந்தனோதான் வரவேண்டும் என்று புகழ்கிறது. புலவர் புகழ்ச்சியில் பாதியைத் தள்ளினாலும், பாட்டுக்கு இந்தக் கரையில் ராஜமரியாதை இருந்தது தெரிகிறது.

இனி ராத்திரிக்கு வருவோம். சுற்றுலாத்துறையின் மாமல்லபுரம் நாட்டிய விழா டிசம்பர் கடைசியில் தொடங்கி ஜனவரியில் நடக்கும். முன்பு அர்ச்சுனன் தபசுப் பாறையின் முன்னால் ஆடினார்கள்; பிறகு கடற்கரைக் கோயில் பக்கம் மேடை மாறியது. பரதம், குச்சிப்புடி, ஒடிசி, கதக், கதகளி என்று வரிசையாக வரும். நடுவில் கரகமும் பொய்க்கால் குதிரையும் வந்தால் கூட்டம் நிமிர்ந்து உட்காரும். சென்னை சபாக்களில் ராகத்தின் பேரை முதலில் கண்டுபிடிக்க ஒரு போட்டி நடக்குமே, அது இங்கே கிடையாது. ஐரோப்பியக் குளிருக்குத் தப்பி வந்தவர் கையில்லாத சட்டையில் இருப்பார். பக்கத்தில் நம் ஊர்த் தாத்தா மங்கி குல்லாவும் மப்ளருமாக. இருவர் கையிலும் வேர்க்கடலைப் பொட்டலம்.

உப்புக் காற்றின் ஈரம் பட்டால் மிருதங்கத் தோல் தளர்ந்து சுருதி இறங்கும். வித்வான் சின்னக் கல்லால் வலந்தலையின் விளிம்பை 'டக், டக்' என்று தட்டி, காதைச் சாய்த்துக் கேட்டு, மறுபடி தட்டுவார். பாடுகிறவர் அதுவரை தம்பூராவோடு ஆகாரம் பிடித்துக்கொண்டிருப்பார். நட்டுவனார் தாளத்தைக் கையில் எடுத்து முதல் சொற்கட்டைச் சொன்னதும், ஆட வந்த பெண்ணின் சலங்கை அதற்குப் பதில் சொல்லும். அவர் வேகத்தைக் கூட்டினால் இவளும் கூட்டுவாள். இவள் ஒரு கணம் தாமதித்தால் அவர் காத்திருப்பார். பல நாள் அடைந்து கிடந்தவனை உலுக்கி எழுப்புவது இதுதான் என்பது என் கட்சி. ஒலிப்பதிவைப் போட்டு ஆடுகிறவர்களும் வருகிறார்கள். செலவு அப்படி, குற்றம் சொல்ல முடியாது. ஆனால் பதிவு யாருக்காகவும் காத்திருக்காதே!

போகிறவர்கள் ஒரு சால்வை எடுத்துக்கொள்ளுங்கள். செங்கல்பட்டுக்குக் கடைசிப் பேருந்து எத்தனை மணிக்கு என்று இறங்கும்போதே கேட்டு வையுங்கள். நடுவரிசைக்கு அடித்துப் பிடிக்காதீர்கள். பக்கவாத்தியக்காரர்கள் உட்கார்ந்திருக்கும் ஓரமாகப் பார்த்து இடம் போடுங்கள். ஆட்டம் கொஞ்சம் சாய்ந்து தெரியும், பரவாயில்லை.